கேம்ஷாஃப்டும் என் மாமனாரும்

கல்யாணமாகி ஜோகுபாளையத்துக்கு வந்த முதல் வாரமே என் மாமனார் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்: "நம்ம மருமக கார் இன்ஜின் டிபார்ட்மென்ட்."

இதில் பொய் எதுவும் இல்லை. கார் இன்ஜினை ஆட்டிவைக்கும் சின்னக் கம்ப்யூட்டருக்கு மென்பொருள் எழுதும் கம்பெனியில்தான் எனக்கு வேலை. அதிலும் நான் எழுதுகிறவள் இல்லை, மற்றவர்கள் எழுதியதைச் சோதித்துப் பார்க்கிறவள். ஆனால் அந்தச் சோதனையில் இன்ஜின் என்று ஒன்று கிடையாது. என் மேஜையில் மைக்ரோவேவ் அடுப்பு அளவுக்கு ஒரு பெட்டி இருக்கும். இன்ஜின் ஓடினால் என்னென்ன மின்துடிப்புகள் வருமோ அத்தனையையும் அந்தப் பெட்டி போலியாக உண்டாக்கி அனுப்பும். கம்ப்யூட்டரும் தான் நிஜமான இன்ஜினோடுதான் பேசுகிறேன் என்று நம்பி வேலை செய்யும். ஆறு வருஷமாக அதை ஏமாற்றுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். கையில் ஒரு சொட்டு கிரீஸ் பட்டதில்லை.

இதை மாமனாரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. மாடி வீட்டுக்காரர், எதிர்வீட்டு அக்கா, பால் போடுகிறவர் என்று எல்லாரும் தங்கள் வண்டியின் சீக்குகளை என்னிடம் கொண்டுவந்தார்கள். எல்லாருக்கும் ஒரே மருந்துதான் எழுதிக்கொடுத்தேன். "கொஞ்ச நாள் ஏசி போடாம ஓட்டிப் பாருங்க." யாருக்கும் கெடுதல் வராத மருந்து.

மாமனார் மாநில அரசு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். குடும்பம் மூன்று தலைமுறையாக பெங்களூரில் இருக்கிறது. வீட்டில் எங்களோடு தமிழ், காரோடு கன்னடம். ஓய்வு பெற்ற மாதம் வாங்கிய வெள்ளைக் கார் அது, எட்டு வருஷமாக வேறு யார் கையிலும் ஓட்டக் கொடுத்ததில்லை. என் கணவருக்கு முன் சீட்டில் உட்கார்ந்து பாட்டு மாற்றும் உரிமை மட்டும் உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனாரின் பழைய அலுவலக நண்பர் வீட்டில் பேத்திக்குப் பெயர் சூட்டு விழா. மாமனார், அத்தை, கணவர், நான் என்று நாலு பேரும் பட்டும் ஜரிகையுமாக அந்தக் காரில் கிளம்பினோம். பழைய மெட்ராஸ் ரோட்டில் ஏறி முதல் சிக்னலில் நின்றதும் வண்டி ஆட ஆரம்பித்தது. மழையில் நனைந்த நாய் உதறுவதுபோல் ஒரு நடுக்கம். டாஷ்போர்டில் மஞ்சளாக ஒரு இன்ஜின் படம் எரிந்தது. அத்தை மடியில் வைத்திருந்த பழத்தட்டில் ஆப்பிள்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

மாமனார் உடம்பு முழுவதையும் பின்பக்கம் திருப்பி என்னைப் பார்த்தார். பயமே இல்லாத முகம். டாக்டர் மகள் வீட்டில் இருக்கும்போது ஜுரம் வந்தவரின் முகம்.

"எறங்கிப் பாரும்மா."

சிக்னல் தாண்டி ஓரமாக நிறுத்தினார். பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டியின் முன்னால் போய் நின்றேன். உள்ளிருந்து அவர் எதையோ இழுத்தார். பானெட் 'டக்' என்று ஒரு விரல் அளவு எழும்பியது. அதற்கு மேல் வரவில்லை. ஏதோ ஒரு கொக்கியை விடுவிக்க வேண்டும் என்று தெரியும். அது எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை. கையை உள்ளே விட்டுத் துழாவினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று முகங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "ஒளகெ கை ஹாக்கி, எடகடெ தள்ளி மேடம்."

கையை உள்ளே விட்டு இடப்பக்கம் தள்ளினேன். திறந்துகொண்டது. உள்ளே ஒரு பெரிய கறுப்புப் பிளாஸ்டிக் மூடி, சுற்றிலும் குழாய்கள். என் ஆறு வருஷ அனுபவத்தில் அந்த மூடி எங்கேயும் வந்ததில்லை. சும்மா மூடினால் மரியாதை இல்லையே என்று ஒரு வயரைத் தொட்டு லேசாக அசைத்தேன். பிறகு கார் ஜன்னல் பக்கம் போய்ச் சொன்னேன்:

"சென்சாரா இருக்கும் மாமா."

"நான் நெனச்சேன்," என்றார் மாமனார். அவர் நினைத்திருக்க வழியே இல்லை.

அதன்பிறகு நடந்ததை நான் கவனித்திருக்க வேண்டும். ரோடு காலியாக இருந்த இடத்தில் வண்டி நன்றாகத்தான் ஓடியது. ஒவ்வொரு சிக்னலிலும் நின்றபோதுதான் ஆடியது. நான் அதைக் கவனிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு, சொன்ன வார்த்தை பலிக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை ஆபீஸில் ஒரு தோழியிடம் தீப்பெட்டி அளவு ஸ்கேனர் ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினால், கம்ப்யூட்டர் என்ன புகார் எழுதி வைத்திருக்கிறது என்று போனில் காட்டும். புகாரில் முதல் வார்த்தையே கேம்ஷாஃப்ட். எனக்குச் சந்தோஷத்தில் கண் மங்கிவிட்டது. அதற்குப் பிறகு இருந்த வார்த்தைகளை ஒழுங்காகப் படிக்கவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். சென்சாரை மட்டுமே தெரிந்தவளுக்கு எல்லாமே சென்சார்.

"கேம்ஷாஃப்ட் சென்சார்தான் மாமா. நான் சொன்னேன்ல?"

சாயங்காலக் காபி நேரம். மாமனார் டம்ளரைக் கீழே வைத்தார். "அது என்ன சாமான்? விவரமாச் சொல்லு. நாளைக்கு யாராவது கேட்டா நான் சொல்லணும்ல."

பேப்பர் எடுத்துப் படம் போட்டேன். சிலிண்டருக்குள் பிஸ்டன் ஏறி இறங்குகிறது. அதை ஆட்டுவது கீழே இருக்கும் கிராங்க் தண்டு. மேலே இருப்பது கேம்ஷாஃப்ட், முட்டை வடிவப் புடைப்புகள் வைத்த ஒரு தண்டு. அது சுற்றும்போது அந்தப் புடைப்புகள் வால்வுகளை அமுக்கித் திறக்கும். ஒரு வால்வு காற்றை உள்ளே விடும், இன்னொன்று புகையை வெளியே விடும். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்றுதான் சுற்றும்.

"பிஸ்டன் உச்சிக்கு வந்திருக்குன்னு கிராங்க் சென்சார் சொல்லிடும் மாமா. ஆனா பிஸ்டன் ரெண்டு காரணத்துக்காக உச்சிக்கு வரும். ஒரு தடவை பெட்ரோல் கலந்த காத்தை அமுக்கறதுக்கு, அப்ப நெருப்புப் பொறி வேணும். இன்னொரு தடவை புகையைத் தள்ளறதுக்கு, அப்பப் பொறி வீண். இது எந்தத் தடவைன்னு கிராங்கை மட்டும் பார்த்தாத் தெரியாது. கேம் சென்சார்தான் சொல்லணும்."

அவர் புருவத்தைச் சுருக்கினார். அத்தை கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "போன வாரம் மத்தியானம் தூங்கி எழுந்து மணியைப் பார்த்தீங்க. ஆறு. நேரா போய்ப் பல் தேய்ச்சிட்டு வந்து காலைப் பேப்பர் எங்கேன்னு கேட்டீங்கல்ல?"

"சரி, அதுக்கென்ன இப்ப?"

"அதான் மாமா!" என்றேன். "கடிகாரத்து சின்ன முள் ஒரு நாளைக்கு ரெண்டு சுத்து சுத்தும். ஆறுன்னு காட்டும், காலையா சாயங்காலமான்னு காட்டாது. அத்தைதான் உங்களுக்கு 'இது சாயங்காலம்'னு சொன்னாங்க. அத்தை உங்க கேம் சென்சார்."

மாமனாருக்கு இது பிடித்துவிட்டது. அத்தைக்குப் பிடிக்கவில்லை. "நாப்பது வருஷம் குப்பை கொட்டினதுக்கு இந்தப் பேர்தான் மிச்சம்," என்று கீரைக்கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சனிக்கிழமை காலை நானும் மாமனாரும் வண்டியை எடுத்துக்கொண்டு அல்சூரில் ஒரு சந்துக்குள் இருக்கும் ஒர்க்ஷாப்புக்குப் போனோம். மெக்கானிக்கின் குடித்தனம் விவேக் நகரில். வியாழக்கிழமை மதியத்துக்கு மேல் கடையைச் சாத்திவிட்டுக் கோயிலுக்குப் போய்விடுவார். மற்ற நாளெல்லாம் கடையில்தான். அதிகம் பேசாத மனிதர்.

புது சென்சாரை நானே வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"சென்சார் போயிருச்சுன்னு யாரு சொன்னது மேடம்?"

"நான்தான்."

"இன்ஜின் டிபார்ட்மென்ட்," என்று மாமனார் சேர்த்துச் சொன்னார்.

"அப்படியா," என்று ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றினார். பழையதை உருவினார், புதியதைச் சொருகினார். ஐந்து நிமிஷம் கூட ஆகவில்லை. வண்டியைக் கிளப்பினார். ஒரு நிமிஷம் அமைதி. பிறகு பழைய நாய் வந்து உதறியது.

மெக்கானிக் பழைய சென்சாரைத் துணியால் துடைத்து என் கையில் கொடுத்தார். "பத்திரமா வச்சுக்குங்க. புதுசும் நல்ல சென்சார், இதுவும் நல்ல சென்சார்தான். ஸ்டார்ட் ஆகறதுக்கு லேட்டாச்சா வண்டி?"

"இல்ல."

"சென்சார் போனா மொதல்ல அதுல தெரியும். சிக்னல்ல மட்டும் ஆடுது, ஓட்டத்துல ஆடலேங்கறாரு சார். ஏன்னு யோசிச்சுப் பாருங்க."

ஸ்கேனரைச் செருகி, இந்த முறை புகாரைக் கடைசிவரை படித்தேன். கேம்ஷாஃப்ட் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, முன்னால் போய் நிற்கிறது என்று எழுதியிருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் எண்களையும் பார்த்தேன். கம்ப்யூட்டர் கேட்கும் கோணம் ஒரு வரியில், நிஜமாக இருக்கும் கோணம் அடுத்த வரியில். கம்ப்யூட்டர் 'பின்னால் வா, பூஜ்யத்துக்கு வா' என்று கெஞ்சிக்கொண்டிருந்தது. கேம் அசையவில்லை. சென்சார் அதைத்தான் உள்ளபடியே சொல்லிக்கொண்டிருந்தது. உண்மை சொன்ன ஒரே ஆளைப் பிடித்து நான் வேலையை விட்டுத் தூக்கியிருக்கிறேன்.

என் தப்பு எங்கே என்று அப்போதுதான் புரிந்தது. என் மேஜைப் பெட்டிக்குள் இருக்கும் இன்ஜின் ஒரு கணக்கு. அதன் கேம்ஷாஃப்ட் சொன்ன பேச்சு கேட்கும். அங்கே கோணம் தப்பாக வந்தால் அது சென்சார் பொய் சொல்வதாகத்தான் இருக்க முடியும். கேம்ஷாஃப்டே அடங்க மறுக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

இந்த வண்டியில் கேமைக் கொஞ்சம் முன்னாலும் பின்னாலும் திருப்பிவைக்க ஒரு ஏற்பாடு உண்டு. காற்று உள்ளே வரும் வால்வு எப்போது திறக்கிறது என்பதை அது மாற்றும். எல்லா வேகத்துக்கும் ஒரே நேரம் ஒத்துவராது. சிட்டி பஸ்ஸில் ஒரு கதவில் ஏறி ஒரு கதவில் இறங்குவதாக வைத்துக்கொள்ளலாம். கூட்டம் வேகமாக நகரும்போது, இறங்குகிறவர்கள் முடிவதற்குள்ளேயே ஏறும் கதவைத் திறந்துவிட்டால் நல்லது, ஒரு நொடி மிச்சம். எல்லாரும் அசைந்து அசைந்து இறங்கும்போது அதே மாதிரி திறந்தால் இறங்க வேண்டியவர்கள் ஏறும் கதவு வழியாகவே முட்டிக்கொண்டு வருவார்கள். இன்ஜினிலும் அப்படித்தான். ரோட்டில் ஓடும்போது முன்கூட்டித் திறப்பது சௌகரியம். சிக்னலில் மெதுவாக ஓடும்போதும் அப்படியே மாட்டிக்கொண்டால், புகை காற்று வரும் வழிக்குள் புகுந்துவிடும். இன்ஜினுக்கு மூச்சு முட்டும், உதறும்.

இதை நான் மாமனாருக்குச் சொல்லி முடித்ததும் மெக்கானிக் தலையாட்டினார். "அந்தக் கேமைத் திருப்பறது எது மேடம்?"

"ஆயில். இன்ஜின் ஆயில்தான் ஒரு சின்ன வால்வு வழியாப் போய் அதைத் தள்ளும்."

"ம்." அவர் மாமனார் பக்கம் திரும்பினார். "சார், ஆயில் கடைசியா எப்ப மாத்தினீங்க?"

"மாத்தியிருக்கு," என்றார் மாமனார்.

யார், எப்போது, எதை என்று எதுவும் இல்லாத ஒரு வாக்கியம். முப்பது வருஷம் அரசு கோப்புகளில் எழுதிப் பழகியது. உடனே வாட்சைப் பார்த்தார். வீட்டில் டிபன் ஆறிப்போகும் என்றார். செவ்வாய்க்கிழமை வண்டியைக் கொண்டுவந்து விடுவதாகச் சொல்லிக் கிளம்பினோம். வழியெல்லாம் என்னை ஒரு வார்த்தை கேலி செய்யவில்லை. சென்சார் விஷயத்தில் நான் பட்ட அவமானத்தைப் பார்த்து இரக்கப்படுகிறார் என்று நினைத்து நெகிழ்ந்துபோனேன்.

மறுநாள் காலை பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு அதற்குப் பின்னால் இருந்து பேசினார்.

"ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். ஒருத்தர், தன் வண்டியில, நம்ம வண்டி இல்ல, கொஞ்சம் கெட்டியான ஆயில் ஊத்திட்டார்னு வையி. அதனால ஏதாவது ஆகுமா?"

"யார் மாமா அது?"

"உனக்குத் தெரியாது. வாக்கிங் வர்றவர்."

"எவ்வளவு கெட்டி?"

"பழைய லாரிக்கெல்லாம் ஊத்துவாங்கல்ல, அந்த மாதிரி. வயசான வண்டிக்குக் கெட்டி ஆயில்தான் தெம்புன்னு யாரோ சொல்லியிருக்காங்க. பாவம், நல்ல எண்ணத்துலதான் ஊத்தியிருக்கார்."

"பழசை எடுத்துட்டு ஊத்தினாரா?"

பேப்பர் ஒரு பக்கம் திரும்பியது. "அது மேலயே. குறைய குறைய. ஒரு ரெண்டு வருஷமா."

"அவர் வண்டி சிக்னல்ல ஆடுதா மாமா?"

"ஆடுதுன்னுதான் சொல்றார்."

அடுக்களையில் இருந்து அத்தையின் குரல் வந்தது. "அந்த வாக்கிங்காரரை என் புனலைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லும்மா. எண்ணெய் ஊத்தற புனலைக் காணோம்னு ரெண்டு வருஷமா தேடறேன்."

பேப்பர் மெல்ல இறங்கியது. மாமனாரின் முகத்தில் அதுவரை நான் பார்த்திராத ஒரு பார்வை. அலுவலகத்தில் முப்பது வருஷம் யாரிடமும் சிக்காதவர், ஒரு புனலிடம் சிக்கிவிட்டார்.

"வண்டிக்கு சத்துன்னு நெனச்சேன்மா," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அதோடு ஒரு ஆறுதலும். இவ்வளவு பெரிய மனுஷர் ஒத்துக்கொள்ளும்போது நான் மட்டும் எதற்குச் சுமந்துகொண்டிருக்க வேண்டும்?

"மாமா, நானும் ஒண்ணு சொல்லணும். நான் நெஜமான கேம்ஷாஃப்டைக் கண்ணால பார்த்ததே இல்ல."

"ஆறு வருஷமாவா?"

"ஆறு வருஷமா. படத்துலதான் பார்த்திருக்கேன்."

பேப்பரை மடித்துக் கீழே வைத்தார். "அப்புறம் எதுக்கும்மா சம்பளம் தர்றாங்க?"

பெட்டியைப் பற்றி, போலித் துடிப்புகளைப் பற்றி, நான் ஏமாற்றும் கம்ப்யூட்டரைப் பற்றியெல்லாம் சொன்னேன். ஆபீசுக்கு வராத ஊழியர்களின் பெயரில் கையெழுத்துப் போட்டுச் சமாளித்த ஒரு குமாஸ்தாவைத் தனக்குத் தெரியும் என்றார். ஏறக்குறைய அதே வேலைதான் என்று இருவரும் முடிவுக்கு வந்தோம்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு நானும் ஒர்க்ஷாப்புக்குப் போனேன். மெக்கானிக் கீழே ஒரு தட்டை வைத்து ஆயிலை இறக்கினார். அது ஒழுகவில்லை. வெல்லப்பாகு போல யோசித்து யோசித்து இறங்கியது. மாமனார் திரும்பி நின்றுகொண்டு சந்தில் போகிற வண்டிகளை எண்ணினார். பிறகு மெக்கானிக் அந்தச் சின்ன வால்வைக் கழற்றிக் காட்டினார். கட்டைவிரல் கனம்தான். அதன் வாயில் டீ வடிகட்டி மாதிரி ஒரு சல்லடை, அந்தச் சல்லடை முழுக்கக் கறுப்புச் சேறு.

"இதுல எங்கேந்து ஆயில் போறது?" என்றார். "கேமை முன்னால தள்ளிட்டு, திரும்பி வர வழியில்லாம உக்காந்திருக்கு."

மேல் மூடியின் ரப்பரும் கசிந்துகொண்டிருந்ததால் அதையும் மாற்ற வேண்டும் என்று மூடியைத் தூக்கினார். எட்டிப் பார்த்தேன். எண்ணெயில் மினுங்கும் இரண்டு தண்டுகள், வரிசையாக முட்டை முட்டையாகப் புடைப்புகள். நான் நினைத்திருந்ததைவிடச் சின்னது, நினைத்திருந்ததைவிட அழகு. இத்தனை நாள் கோடுகளாக மட்டும் பார்த்த ஒருவரை நேரில் சந்தித்த கூச்சம் எனக்கு.

"தொடலாமா?"

"தொடுங்க. கை அழுக்காகும்."

ஆனது. மெக்கானிக் தண்டின் முனையில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தார். சக்கரத்தின் பக்கம் குனிந்து கிராங்கின் போல்ட்டில் ஸ்பானரை மாட்டித் திருப்பினார். புடைப்பு ஒன்று சாவகாசமாக வந்து வால்வை அமுக்கியது, விட்டது. கிராங்கின் ஒவ்வொரு சுற்றையும் மாமனார் என் தோளுக்குப் பின்னால் நின்று கன்னடத்தில் சத்தமாக எண்ணினார். "ஒந்து." புள்ளி கீழே போய்விட்டது. "எரடு." புள்ளி மேலே வந்து நின்றது. நான் ஆயிரம் தடவை மேஜையில் பார்த்த கணக்குதான். இருந்தும் கை தட்டிவிட்டேன். மெக்கானிக் தலையைத் தூக்கி முதல் முறையாகச் சிரித்தார்.

சல்லடை கழுவி, புது ஆயில் ஊற்றி, சாயங்காலம் வண்டியைக் கொடுத்தார். அல்சூர் ஏரிப் பக்கம் மூன்று சிக்னலில் வேண்டுமென்றே நின்று பார்த்தோம். இன்ஜின் ஓடுகிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு அமைதி. மாமனார் ஸ்டியரிங்கைத் தட்டிக் கொடுத்து, கன்னடத்தில் அதனிடம் மன்னிப்பு மாதிரி ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கக் கூடாது என்று குரலைத் தாழ்த்தியதால் நானும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

புதன்கிழமை ஆபீஸுக்குப் போய் முதல் வேலையாக ஒரு புதுச் சோதனை எழுதினேன். என் பெட்டியின் கேம்ஷாஃப்ட் இனி சொன்ன பேச்சு கேட்காது. முன்னால் போகச் சொன்னால் போகும், திரும்பி வரச் சொன்னால் சேற்றில் மாட்டியதுபோல் நிற்கும். ஓட்டிப் பார்த்தால், எங்கள் மென்பொருளின் புதுப் பதிப்பு என்னைப் போலவே சென்சார் மீது பழியைப் போட்டது. அதை எழுதிய பையன் முகம் சிவந்தான்.

"இவ்வளவு கெட்டி ஆயிலை எவன் ஊத்துவான்? நடக்கவே நடக்காது."

"நடக்கும். எனக்கு ஒருத்தரைத் தெரியும்."

இரண்டு நாள் வாக்குவாதத்துக்குப் பிறகு திருத்தினான். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டும். நான் 'மாமனார்' என்று வைத்தேன். இப்போது எங்கள் டீமில் ராஜஸ்தான்காரர், மலையாளி, கன்னடக்காரர் எல்லாரும் காலையில் வந்ததும் "மாமனார் பாஸ் ஆயிட்டாரா?" என்று கேட்கிறார்கள்.

இதை வீட்டில் சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் தயங்கினேன். கடைசியில் என் கணவர் சாப்பிடும்போது உளறிவிட்டார். மாமனார் கோபிப்பார் என்று நாங்கள் எல்லாரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் ரசத்தை நிதானமாகக் குடித்து முடித்தார்.

"வெளிநாட்டுக்கெல்லாம் போகுமா அது?"

"போகும் மாமா. எல்லா ஊர் டீமும் அதை ஓட்டிப் பார்க்கும்."

மறுநாள் காலை ஏரிக்கரையில் வாக்கிங் போகிறவர்கள் எல்லாருக்கும் செய்தி போய்விட்டது. அவர் பெயரில், அதாவது அவர் உறவின் பெயரில், உலகம் முழுக்க இன்ஜின்களுக்கு ஒரு பரீட்சை நடக்கிறது என்று. நானும் அன்று கூடப் போயிருந்தேன். நண்பர் ஒருவர் ஆச்சரியப்பட்டு, "அப்படி என்ன சார் பரீட்சை? எதுக்கு உங்க பேரை வச்சாங்க?" என்று கேட்டார்.

மாமனார் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு நடையின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டே சொன்னார்:

"அதெல்லாம் கம்பெனி ரகசியம்."